மூன்றரை வயது மகளோடு கைவேலை: அப்பாவுக்கும் ஒரு தாள் வேண்டும்

கேள்வி கேட்டவர் ஓர் அப்பா. மகளுக்கு மூன்றரை வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளோடு உட்கார்ந்து ஏதாவது கைவேலை செய்யலாம் என்று கிட் ஒன்று வாங்கியிருக்கிறார். ஐந்தாவது நிமிடத்தில் மகள் எழுந்து ஓடிவிடுகிறாள். காகித ஆந்தையை ஒட்டி முடிப்பது அப்பாதான். பசை தரையெல்லாம், எரிச்சல் தலையெல்லாம். "எனக்கே வரைய வராது, அவளுக்கு எப்படி ஆர்வத்தை வரவைப்பது?" என்று கேட்கிறார்.

பாலர் வகுப்புப் பிள்ளைகளோடு பல வருடமாகத் தாளும் வண்ணமுமாக இருப்பவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஆர்வத்தை நீங்கள் வரவைக்க வேண்டியதில்லை. அது அவளிடம் நிறைய இருக்கிறது, ஆந்தை மேல்தான் இல்லை. அந்தக் கிட்டில் என்ன செய்வது என்று யோசித்தவர், துண்டுகளை வெட்டியவர், எது எங்கே என்று எண் போட்டவர் எல்லாரும் பெரியவர்கள். பிள்ளைக்கு மிச்சம் வைத்த வேலை, பசை தடவி, காட்டிய இடத்தில் அழுத்துவது மட்டும். அதற்கு ஐந்து நிமிடம் பொறுமையாக உட்கார்ந்தாளே, அதுவே பெரிது. அந்த ஆந்தையை நீங்கள் ரசித்துச் செய்தீர்கள் என்றால் சரி, தொடருங்கள். அவளுக்காகச் செய்வதாக நினைத்து முடிக்க வேண்டாம்.

மூன்றரை வயதில் கை என்ன பாடு படுகிறது என்று தெரிந்துகொண்டால் பக்கத்தில் உட்காருவது சுலபமாகிவிடும். ஒன்றரை வயதுவாக்கில் கிறுக்கல் ஆரம்பிக்கிறது. அப்போது தோளிலிருந்து மொத்தக் கையும் ஆடும், கோடு முன்னும் பின்னும் போகும். அப்புறம் சுழல் சுழலாக வரும். மூன்று வயதை ஒட்டி ஒரு நாள், ஆரம்பித்த இடத்துக்கே கோட்டைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள். மூடிய வட்டம்! நமக்கு அது ஒன்றுமில்லை. கண்ணும் கையும் சேர்ந்து, ஓடிக்கொண்டிருக்கிற கோட்டை நினைத்த இடத்தில் நிறுத்தப் பழகியதன் அடையாளம் அது. கொஞ்ச நாளில் அந்த வட்டத்துக்குள் இரண்டு புள்ளி வரும். வட்டத்திலிருந்தே இரண்டு கால் நேராக இறங்கும். கழுத்து கிடையாது, வயிறு கிடையாது. ஆராய்ச்சியாளர்கள் இதைத் தலைப்பிரட்டை மனிதன் என்றே சொல்கிறார்கள்.

சான்பிரான்சிஸ்கோவில் பாலர் பள்ளிகளில் பணியாற்றிய ரோடா கெல்லாக் என்ற அம்மையார் பல நாடுகளிலிருந்து கிட்டத்தட்ட பத்து லட்சம் குழந்தை ஓவியங்களைச் சேர்த்தார். அவற்றைப் பிரித்துப் பார்த்து 1969-இல் எழுதினார். ஆரம்பக் கிறுக்கல்களை 20 வகையாகப் பிரித்தார். எந்த நாட்டுப் பிள்ளையானாலும் கிறுக்கலிலிருந்து வட்டம், வட்டத்திலிருந்து சூரியன் மாதிரி உருவம், அதிலிருந்து மனிதன் என்று ஏறக்குறைய ஒரே வழியில்தான் வருகிறது என்பது அவர் கண்டது. ஆகவே உங்கள் மகள் போட்ட ஆளைப் பார்த்து "உடம்பு எங்கேம்மா?" என்று கேட்க வேண்டாம். உடம்பு தானாக வரும், சில மாதம் பொறுங்கள். அதேபோல, இப்போது "யானை" என்றது கொஞ்ச நேரத்தில் "மழை" ஆகிவிட்டால் அவள் மாற்றிப் பேசுகிறாள் என்று அர்த்தமில்லை. இந்த வயதில் முதலில் கோடு, பிறகுதான் பெயர். கோட்டைப் பார்த்தபின் நினைவுக்கு வருவதைச் சொல்கிறாள், அவ்வளவுதான்.

இனி உங்கள் விஷயம். வரைய வராது என்கிறீர்கள். நல்லதாகப் போயிற்று. அப்பாவோ அம்மாவோ அழகாக வரைகிற வீடுகளில் நான் அடிக்கடி பார்ப்பது இது: பிள்ளை கிரேயானைக் கீழே வைத்துவிட்டு "நீயே போடு" என்று தள்ளிவிடும். பக்கத்தில் துதிக்கை வளைந்த அசல் யானை நிற்கும்போது தன்னுடைய வட்டத்தை எந்தப் பிள்ளை போடும்?

ஒன்று செய்யுங்கள். அவளுக்கு ஒரு தாள், உங்களுக்கு ஒரு தாள். அவளுடைய தாளில் நீங்கள் கை வைக்கக் கூடாது. உங்கள் தாளில் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். வரிவரியாகக் கோடு, கட்டம், கட்டத்துக்குள் வண்ணம், கட்டைவிரல் ரேகை, கோலப்புள்ளி வைத்து வளைவு. உருவம் எதுவும் வேண்டாம். பக்கத்தில் இருக்கும் பெரியவர் தன் வேலையில் மூழ்கியிருந்தால் பிள்ளையும் நெடுநேரம் உட்காரும். இதை வகுப்பில் தினமும் பார்க்கிறேன். பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு மேற்பார்வை பார்த்தால் எழுந்துவிடும். எனக்கும் யாராவது தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தால் கை ஓடாது. இதில் இன்னொரு லாபமும் உண்டு. உங்களுக்கும் அந்த அரை மணி நேரம் சலிக்காது. பிள்ளையோடு சேர்ந்து ரசிப்பது என்று எல்லாரும் சொல்கிறார்கள், பெரியவர் ரசிக்க அங்கே எதையும் வைப்பதில்லை.

"அப்பா, பூனை போட்டுக் குடு" என்று கேட்பாள். உடனே போட்டுவிடாமல் பேச்சை வளர்க்கலாம். பூனைக்குக் காது எப்படி இருக்கும், உருண்டையா, கூராவா? வால் எங்கே இருந்து வரும்? மாடிப்படியில் பூனை படுத்திருந்தால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். பெரும்பாலும் அவளே ஏதோ ஒன்றைப் போட்டுவிடுவாள். அழுது அடம் பிடித்தால் இதை ஒரு கொள்கையாக்கிச் சண்டை போடாதீர்கள். உங்கள் தாளில் உங்களுக்குத் தெரிந்த கோணல் பூனையைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

சரி, எதை வைத்துச் செய்வது? கடைக்குப் போக வேண்டிய தேவை குறைவு.

தாள் பெரிதாக இருக்க வேண்டும். ஏ4 தாள் இந்த வயதுக்குச் சின்னது. கை வீச்சு தாளைத் தாண்டித் தரைக்குப் போய்விடும், அப்புறம் திட்டு. மாதக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம், சார்ட், பழைய செய்தித்தாள் எல்லாம் பொருத்தம். நான்கு மூலையிலும் டேப் போட்டுத் தரையில் ஒட்டிவிடுங்கள். தாள் நகர்ந்தால் பிள்ளைக்குக் கோபம் வரும், அதைச் சொல்லத் தெரியாது, எழுந்து போய்விடும். கீழே விரிக்கப் பழைய ஃபிளெக்ஸ் பேனரை விட உசத்தியான பொருள் கிடையாது. திருமணத்துக்கோ திருவிழாவுக்கோ கட்டியதைக் கழற்றும்போது ஒன்று கேட்டு வாங்கி வையுங்கள். சிரிக்கும் தலைவர் முகம் தரைப்பக்கம் போகட்டும், வெள்ளைப் பக்கம் மேலே. வண்ணம் எவ்வளவு சிந்தினாலும் ஈரத்துணியால் துடைத்துச் சுருட்டி வைத்துவிடலாம்.

கிரேயான் வாங்கினால் பாதியாக உடைத்துக் கொடுங்கள். முழு நீளக் கிரேயானை இந்த வயதில் பல பிள்ளைகள் முஷ்டியால் பிடிப்பார்கள். சின்னத் துண்டை முஷ்டியால் பிடிக்க முடியாது, விரல் நுனிகள் தானாக வேலைக்கு வந்துவிடும். பின்னால் பென்சில் பிடிக்கப் போகும் விரல்கள் அவைதான். சுற்றியிருக்கும் காகிதத்தை உரித்துவிட்டால் துண்டைப் படுக்க வைத்துத் தேய்க்கலாம். தாளுக்கு அடியில் அரச இலையையோ ஐந்து ரூபாய்க் காசையோ வைத்துத் தேய்த்தால் நரம்பும் எழுத்தும் மேலே எழும்பி வரும். அதைப் பார்க்கிற முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள்.

வண்ணம் வாங்கும்போது டப்பாவைக் கொஞ்சம் படியுங்கள். போஸ்டர் கலர், வாட்டர் கலர் கேக் இரண்டும் தண்ணீரில் போகும். துணிக்குப் போடும் ஃபேப்ரிக் பெயிண்டும் அக்ரிலிக்கும் காய்ந்தால் போகாது. அதற்கென்றே செய்தது அது. கடைக்காரர் எல்லாவற்றையும் "பெயிண்ட்" என்றுதான் எடுத்துக் கொடுப்பார். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்று போதும். பன்னிரண்டையும் திறந்து வைத்தால் கடைசியில் சேற்றுநிறம்தான் மிஞ்சும். மூன்றே இருந்தால் மஞ்சளும் நீலமும் ஒட்டிய இடத்தில் பச்சை வந்ததை அவளே கண்டுபிடிப்பாள். சொல்லிவிடாதீர்கள்.

வண்ணமே வாங்காமலும் நடக்கும். மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்துத் தாள் முழுக்கப் பூசிக் காய வையுங்கள். துணி துவைக்கும் கட்டி சோப்பைக் கொஞ்சம் கரைத்து, அந்தத் தண்ணீரைப் பிரஷில் தொட்டு மஞ்சள் தாளில் இழுக்கச் சொல்லுங்கள். கோடு சிவப்பாக விழும். சாம்பார்க் கறை பட்ட சட்டையில் சோப்புப் போட்டால் சிவக்கிறதே, அதே சங்கதிதான். மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரத்தில் சிவக்கும். எலுமிச்சைச் சாறு பட்டால் மறுபடி மஞ்சளாகிவிடும். ஆரத்திக்குக் கலக்குகிற மாதிரி சுண்ணாம்பு கலந்தால் இன்னும் பளிச்சென்று இருக்கும்தான், ஆனால் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கருவிழியே வெந்துபோகும். பிள்ளை கைக்கு எட்ட வேண்டாம். வீட்டருகே சங்குப்பூ இருந்தால் வெந்நீரில் போட்டு நீலம் எடுக்கலாம், எலுமிச்சை விட்டால் அது ஊதாவும் இளஞ்சிவப்புமாக மாறும். இதற்கு முன்னால் எந்தக் கிட்டும் நிற்காது.

காய்கறி நறுக்கும்போது வெண்டைக்காயின் காம்புப் பக்கத்தை எடுத்து வையுங்கள். குறுக்கே வெட்டிய முகம் பெரும்பாலும் ஐந்து இதழ்ப் பூவாக இருக்கும். ஒரு தட்டில் ஸ்பாஞ்ச் வைத்து அதில் கெட்டியாக வண்ணத்தை ஊற்றினால் அதுவே இங்க் பேட். உருளைக்கிழங்கு, பாகற்காய், வாழைத்தண்டு எல்லாம் ஆளுக்கொரு அச்சு தரும். நாலு அச்சு அழகாக விழும், அப்புறம் வெண்டைக்காயைப் பிரஷாக்கி இழுக்க ஆரம்பிப்பாள். "அப்படிப் பண்ணக் கூடாது, குத்தணும்" என்று சொல்ல வாய் துடிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு பொருள்தான் வீட்டில் இருக்கலாம் என்றால் நான் மாவைத்தான் சொல்வேன். மைதா இரண்டு கப், பொடியுப்பு ஒரு கப், எண்ணெய் ஒரு கரண்டி, முக்கால் கப்பிலிருந்து ஒரு கப் வரை தண்ணீர். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுச் சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசையுங்கள். பிசைவதிலேயே அவளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், பாதி விளையாட்டு அதுதான். உப்பு கெடாமல் காக்கும். மூடி போட்ட டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்தால் பல நாள் வரும். கடலோர ஊர் என்றால் உப்பு ஈரத்தை இழுத்து மாவு பிசுபிசுக்கும், மேலே கொஞ்சம் மைதா தூவிப் பிசைந்தால் சரியாகிவிடும். இதைத் தின்னவிடக் கூடாது, உப்பு மிக அதிகம். எதையும் வாயில் போடும் தம்பி தங்கை இருந்தால் உப்பில்லாத வெறும் சப்பாத்தி மாவே போதும், அன்றன்றைக்குத் தூக்கிப் போட்டுவிடலாம். கடையில் விற்கும் பிளே-டோவும் ஆதியில் விளையாட்டுச் சாமானே அல்ல. அமெரிக்காவில் சுவரில் ஒட்டிய காகிதத்திலிருந்து கரி துடைக்க விற்ற மாவு அது. ஒரு பாலர் பள்ளி ஆசிரியை அதைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்க, 1956-இல் பொம்மை மாவாகக் கடைக்கு வந்தது.

மாவைக் கொடுத்ததும் அச்சுகளைக் கொடுக்காதீர்கள். முதலில் வெறும் மாவு. உருட்டுவாள், தட்டுவாள், கிள்ளுவாள், விரலால் குழி குத்துவாள். பிறகு பூரிக்கட்டை, தேங்காய் ஓடு, சீப்பு, இடியாப்ப அச்சு என்று ஒவ்வொன்றாக வரட்டும். கத்தரிக்கோல் பழக்கவும் மாவுதான் நல்ல இடம். பாம்பு மாதிரி உருட்டி, முனை மழுங்கிய கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டச் சொல்லுங்கள். அடுத்து கல்யாணப் பத்திரிகை. அந்த அட்டை விறைப்பாக நிற்பதால் வெட்ட வரும், செய்தித்தாள் மடங்கி மடங்கி மாட்டிக்கொள்ளும். அட்டையை விரலகல நாடாக்களாக நீங்கள் வெட்டிக் கொடுத்தால் அவள் ஒரே வெட்டில் துண்டாக்குவாள். கோட்டின் மேலேயே வெட்டுவதெல்லாம் நாலு, நாலரை வயதுக்கு மேல்தான். இடதுகைக்காரியாக இருந்தால் இடதுகைக் கத்தரிக்கோல் தேடி வாங்குங்கள். சாதாரணக் கத்தரிக்கோலில் வெட்டும் இடம் அவள் கண்ணுக்கு மறைந்துவிடும்.

ஒட்டுவதற்கு மைதா பசை காய்ச்சலாம். ஒரு பங்கு மாவுக்கு நாலைந்து பங்கு தண்ணீர், கட்டியில்லாமல் கரைத்துக் கண்ணாடியாகிற வரை கிளற வேண்டும். போஸ்டர் ஒட்டுகிறவர்களும் புத்தகம் தைக்கிறவர்களும் பூச்சி வராமலிருக்கத் துத்தம் கலப்பார்கள், அது விஷம், நமக்கு வேண்டாம். அவசரத்துக்குச் சோற்றுப் பருக்கை இருக்கவே இருக்கிறது.

தாத்தா பாட்டி யாராவது வீட்டில் இருந்தால் அவர்களிடம் ஒரு தென்னை ஓலையைக் கொடுத்துப் பாருங்கள். கைக்கடிகாரம், பாம்பு, பீப்பீ என்று வரிசையாக வரும். மூன்றரை வயதில் அவளால் பின்ன முடியாது. கட்டிக்கொண்டு அலைவாள், பிரித்துப் போடுவாள், மறுபடி கேட்பாள். பூவரசு இலை பீப்பீயை ஊதப் பழகுவதற்குள் வீடே காதைப் பொத்திக்கொள்ளும்.

விநாயகர் சதுர்த்தி சமயத்தில் தெருவில் நல்ல களிமண் கிடைக்கும், பிள்ளையார் வாங்கும்போது ஒரு உருண்டை சேர்த்து வாங்கலாம். ஆனால் அந்தப் பிள்ளையாரின் கண்ணாக வைக்கும் குன்றிமணி மேல் ஒரு கண் இருக்கட்டும். சிவப்பும் கருப்புமாகப் பார்க்க ஆசையாக இருக்கும், உள்ளே அப்ரின் என்ற கொடிய நஞ்சு. மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பூஜை முடிந்ததும் எண்ணி எடுத்துவிடுங்கள். தொட்டிச் செடிக்கென்று விற்கும், தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல்லி உருண்டைகளும் அப்படித்தான். விழுங்கினால் குடலுக்குள் பெருத்து அடைத்துக்கொள்ளும். கைவேலைக் கிட்டுகளில் வரும் ஆடும் கண்கள், மணிகள், பொத்தான்கள் மூன்று வயதுக்குக் கீழே அறவே கூடாது. மேலே என்றாலும் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். நொடியில் ஒட்டும் பசை, ஊசி, தெர்மகோல் உருண்டை இவையெல்லாம் உயரத்தில் இருக்கட்டும்.

பாராட்டு பற்றிக் கொஞ்சம். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லா வீட்டிலும் இதில்தான் சறுக்குகிறார்கள். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பாலர் பள்ளியில் செய்த ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஸ்கெட்ச் பேனாவால் வரைய ஏற்கெனவே ஆசைப்படும் பிள்ளைகளாகப் பார்த்து எடுத்தார்கள். ஒரு பகுதியினரிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள், கொடுத்தார்கள். இன்னொரு பகுதிக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாவது பகுதிக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரம் கழித்துச் சும்மா விளையாடும் நேரத்தில் பேனாக்களை வைத்துப் பார்த்தபோது, பரிசுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதியளவே வரைந்தார்கள். பிடித்த விளையாட்டு கூலி வேலையாகிவிட்டது. ஆகவே "வரைந்து முடி, சாக்லேட் தர்றேன்" வேண்டாம்.

"சூப்பர், சூப்பர்" என்று பார்க்காமலே சொல்வதும் சீக்கிரம் சலித்துவிடும், பிள்ளைக்குப் புரிந்துவிடும். கண்ணில் படுவதைச் சொல்லுங்கள். "இந்த மூலையில அழுத்தி அழுத்தித் தேய்ச்சிருக்கே", "இந்தக் கோடு தாளை விட்டே வெளியே போயிடுச்சு". "இது என்ன?" என்று விசாரிப்பதைக் காட்டிலும் "இதைப் பத்திச் சொல்றியா?" என்பது மேல். ஒன்றும் சொல்லாமல் உங்கள் கட்டத்துக்கு வண்ணம் அடித்துக்கொண்டே இருந்தாலும் குற்றமில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு "அத்தை லைக் போட்டாங்க பாரு" என்று காட்டுவதும் அந்தச் சான்றிதழின் தங்கச்சிதான் என்பது என் கணிப்பு.

நேரக் கணக்குக்கு வருவோம். பத்து நிமிடம் உட்கார்ந்தால் இந்த வயதுக்கு அது தாராளம். எழுந்து போனால் போகட்டும், பொருட்களை அப்படியே விட்டுவைத்து நீங்கள் தொடருங்கள். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்ப வந்து உட்காரும் பிள்ளைகள் அநேகம். நிறுத்த வேண்டிய நேரம் வந்தால் சட்டென்று பிடுங்க வேண்டாம். "இன்னும் மூணு குத்து, அப்புறம் பிரஷ் கழுவப் போறோம்" என்று முன்னறிவிப்புக் கொடுங்கள். குளிக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்பாக ஆரம்பித்தால் உடம்பைப் பற்றிய கவலை இல்லை. பிரஷ் கழுவுவதை அவளிடமே விடுங்கள். குவளைத் தண்ணீரில் வண்ணம் புகை மாதிரி பரவுவதைப் பார்த்துக்கொண்டு, வரைந்ததைவிட அதிக நேரம் அங்கே நிற்பாள்.

படங்கள் குவிந்துவிடும். ஒரு கயிறு கட்டித் துணிக் கிளிப்பில் ஐந்தாறு தொங்கவிடுங்கள், புதிது வந்தால் பழையது இறங்கட்டும். எதைத் தொங்கவிடுவது என்பதை அவள் தேர்ந்தெடுக்கட்டும், உங்களுக்குப் பிடித்ததாக அது இருக்காது. வைத்துக்கொள்ளும் படத்தின் பின்னால் தேதியும், அதைப் பற்றி அவள் சொன்ன வார்த்தையை அப்படியேயும் எழுதுங்கள். மூடிய வட்டம், முதல் கால் முளைத்த தலை, முதல் வயிறு இவை வந்த தாள்களைத் தவற விடாதீர்கள். மற்றதில் பெரியவை பரிசுப் பொருள் சுற்ற உதவும். மிச்சத்தைப் பழைய பேப்பர்காரருக்குப் போடலாம், அவள் தூங்கும்போது.